ஓடாத வண்டிக்கு ஓகோ என்று விலை! கோவைக்கு இது அழகா?

இத்தாலி நாட்டு மோட்டார் சைக்கிள். வயது 50க்கு மேல். ஆனால் ஓடியது என்னவோ சில நூறு கிலோமீட்டர்தான்!

இப்படி ஒரு வண்டி எங்கோ விற்பனைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் போதும். பழைய வண்டி சேர்க்கும் பிரியர்களுக்கு அன்று இரவு தூக்கம் போச்சு.

1974-ம் ஆண்டு இத்தாலியில் செய்த டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட் என்ற வண்டி, அமெரிக்க ஏலங்களில் லட்சம் டாலரைத் தாண்டி விலை போயிருக்கிறது. நம்ம காசுக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். அந்தப் பணத்துக்குக் கோவையில் ஒரு வீடே வாங்கலாம்!

"அப்படி என்னங்க அந்த வண்டியில் இருக்குது?" என்று கேட்டால், பல காரணம் சொல்வார்கள். கடைசியில் ஒரு காரணம் சொல்வார்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

"அது ஓடவே இல்லைங்க. அதனால்தான் இந்த விலை!"

ஓடுவதற்காகச் செய்த எந்திரம். ஓடாமல் கிடந்ததற்காக அதற்குப் பணம்!

மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்துவிட்டுப் போகலாம். கோவைக்காரர்கள் அப்படிப் போய்விடக்கூடாது. இந்த ஊரின் மோட்டார் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர், தம் கதையை ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் இருந்துதான் ஆரம்பித்தார். அந்தக் கதை பிறகு வரட்டும். முதலில் இத்தாலிக்காரன் கதை.

பந்தயத்தில் பிறந்தது

1972-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந்தேதி. இத்தாலியில் இமோலா என்ற ஊர். 200 மைல் மோட்டார் சைக்கிள் பந்தயம்.

அன்றைக்கு எல்லார் கண்ணும் எம்.வி.அகஸ்டா வண்டியில் வந்த அகஸ்டினி மேல்தான். உலகப் பட்டங்களை அள்ளிக் குவித்த சூரர் அவர். டுகாட்டி கம்பெனியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1926-ல் போலோனா நகரத்தில் ரேடியோ உதிரி பாகம் செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. மோட்டார் சைக்கிளுக்கு வந்ததே இரண்டாவது உலகப் போருக்குப் பிறகுதான்.

பந்தயம் முடிந்தபோது கூட்டம் திகைத்தது. இங்கிலாந்து வீரர் பால் ஸ்மார்ட் முதலாவது. இத்தாலி வீரர் புருனோ ஸ்பஜாரி இரண்டாவது. இரண்டுமே டுகாட்டி! அகஸ்டினி பாதியில் நின்றுவிட்டார்.

இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தவர் பேபியோ டாக்லியோனி என்ற என்ஜினீயர். அவர் செய்த வேலை என்ன என்பது கோவைப் பட்டறைக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்.

சாதாரண என்ஜினில் வால்வைத் திறப்பது கேம். மூடுவது ஸ்பிரிங். வேகம் ஏற ஏற ஸ்பிரிங் திணறும். வால்வு மூடுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். அப்போது சக்தி குறையும். சமயத்தில் பிஸ்டன் தலையில் வால்வு மோதி என்ஜினே காலி!

டாக்லியோனி ஸ்பிரிங்கை நம்பவில்லை. வால்வைத் திறக்க ஒரு கேம், இழுத்து மூட இன்னொரு கேம் என்று வைத்தார். எவ்வளவு வேகத்தில் சுற்றினாலும் வால்வு சொன்ன பேச்சைக் கேட்கும்.

இந்த ஏற்பாட்டோடு 1974-ல் பொதுமக்களுக்கும் வண்டி விற்றார்கள். மொத்தம் 401 வண்டிகள்தான் செய்தார்கள். வெள்ளி நிற உடம்பு, பச்சை நிற பிரேம். மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டி ஓடும்.

அப்பேர்ப்பட்ட வண்டியை வாங்கி, ஓட்டாமல் செட்டுக்குள் நிறுத்தித் துணி போட்டு மூடுவது, பந்தயக் குதிரையை வாங்கித் தொழுவத்தில் கட்டிப் போடுவது மாதிரி. காங்கேயம் காளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எந்த விவசாயியாவது சம்மதிப்பாரா?

கலங்கல் கிராமத்து வாலிபர்

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.

1893-ம் ஆண்டு கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. படிப்பில் நாட்டமில்லை. ஆனால் கையும் மூளையும் சும்மா இருக்காது.

ஒரு நாள் அந்தக் கிராமத்துக்கு ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி வந்தார். அவர் வந்தது ரட்ஜ் மோட்டார் சைக்கிளில். இங்கிலாந்து நாட்டு வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் பட படவென்று ஒரு வண்டி ஓடுவதை வாலிபர் பார்த்தார். பார்த்த அன்றே மனதில் பதிந்துவிட்டது.

வாங்க வேண்டும் என்றால் பணம்? கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். டம்ளர் தூக்கி, இலை எடுத்து, காசு காசாகச் சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் நேராக அந்த அதிகாரியிடம் போய் வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை என்ன செய்தார்? துணி போட்டு மூடினாரா? "ஒரே கை ஓட்டிய வண்டி, நல்ல விலைக்குப் போகும்" என்று காத்திருந்தாரா?

இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்! எது எதற்கு, எது எதைச் சுற்றுகிறது என்று பார்த்தார். மறுபடி பூட்டினார். ஓட்டினார். அந்த ஒரு வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 1920-ல் ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் விட்டார். தாமே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்று பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே முதலில் செய்த மோட்டார் அதுதான் என்பது கோவைக்காரர்களின் பெருமை.

அந்த மோட்டாருக்குப் பின்னால் பம்பு வந்தது. பம்புக்குப் பின்னால் பவுண்டரி, லேத் பட்டறை, கிரைண்டர் என்று பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் எங்கும் இரும்புச் சத்தம்! ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சத்தத்தால்தான்.

ஒரு மனிதரால் மட்டும் இத்தனையும் வந்துவிடவில்லை. பஞ்சாலை முதலாளிகளும், தொழிற்கல்வி தந்த பி.எஸ்.ஜி. போன்ற நிறுவனங்களும், பேர் தெரியாத எத்தனையோ பிட்டர்களும் டர்னர்களும் சேர்ந்து உண்டாக்கிய தொழில் இது. ஆனால் எல்லாருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. வெளிநாட்டு மெஷின் வந்தால் கோவைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க மாட்டான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வருவான்!

அந்த ரட்ஜ் வண்டியை அன்றைக்கு மூடி வைத்திருந்தால், இன்றைக்கு நல்ல விலை கிடைத்திருக்கும். கழற்றிப் பார்த்ததால் கிடைத்தது, விலை போட முடியாத சரக்கு.

இத்தாலி வண்டி புதுசா?

இத்தாலி வண்டியும் நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. பந்தய வண்டிதான் நம்ம ரோட்டுக்கு வரவில்லை. ஸ்கூட்டர் வந்தது.

லாம்ப்ரெட்டா, வெஸ்பா இரண்டும் இத்தாலி சரக்குதான். பஜாஜ் கம்பெனி பியாஜியோ உரிமத்தில் வெஸ்பா செய்தது. புக் செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள் ஜனங்கள். கல்யாணத்துக்குப் புக் செய்த ஸ்கூட்டர், பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வந்தது என்று கிண்டல் பேசிய காலம் அது.

1971-ல் உரிமம் முடிந்தது. பஜாஜ்காரர்கள் மூடிவிட்டுப் போகவில்லை. அத்தனை வருஷம் செய்து பழகிய கை. 1972-ல் சேத்தக் வந்துவிட்டது.

லாம்ப்ரெட்டா கதை வேறு. இத்தாலியில் அதைத் தயாரித்த கம்பெனி கைவிட்டதும், மெஷினோடு உரிமையையும் மத்திய அரசாங்கம் வாங்கியது. 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா ஆரம்பமானது. விஜய் சூப்பர் ஓடிய காலமும் உண்டு. ஆனால் போட்டிக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. 2021-ல் கம்பெனியை மூட அரசாங்கமே முடிவு செய்தது.

தொழிற்சாலையையே விலைக்கு வாங்கினாலும் வித்தை தானாக வந்துவிடாது. இது கோவைப் பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் பையனுக்குக் கூடத் தெரியும்.

நின்ற வண்டிக்கு நோய்

"ஓடாத வண்டி என்றால் புத்தம் புது வண்டி" என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை!

இப்படித்தான் நடக்கும் பேரம்:

"ஏனுங்ணா, எத்தன கிலோமீட்டர் ஓடீருக்குதுங்க?"

"எண்ணூறுதானுங்க தம்பி. எடுத்ததுல இருந்து செட்டுலயே நிக்குதுங்க. ஒரு கீறல் இருக்காதுங்க!"

தம்பி மயங்கிவிடுவார். மயங்கவே கூடாது.

பல வருஷம் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகி கார்ப்பரேட்டர் துவாரங்களை அடைக்கும். டேங்க் உள்ளே துருப் பிடிக்கும். ஆயில் சீல் காய்ந்து கல்லாகும். டயர் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ரப்பர் செத்துப் போயிருக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். சிலிண்டர் சுவரில் துரு ஏறினால் கிக்கரே அசையாது.

அந்த 750 சூப்பர் ஸ்போர்ட்டுக்கு இன்னொரு வம்பு. அதன் பெட்ரோல் டேங்க் இரும்பு இல்லை, பைபர் கிளாஸ். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் பட்டால் பழைய பைபர் கிளாஸ் இளகும். கரைந்த பிசின் என்ஜினுக்குள் போய் வால்வுத் தண்டில் ஒட்டும். லட்சம் லட்சமாகக் கொட்டி வாங்கிய வண்டி, ஒரு டேங்க் பெட்ரோலில் படுத்துவிடும்!

மீட்டரில் உள்ள எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. பழைய மீட்டரில் முள்ளைத் திருப்புவது பெரிய வித்தை இல்லை. பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, பிரேக் டிஸ்க்கில் வரி விழுந்திருக்கிறதா, செயின் பல் சக்கரம் கூராகி இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும். மீட்டர் பொய் சொல்லும். பல் சக்கரம் பொய் சொல்லாது.

எனவே வாங்கப் போகிறவர் பணப்பையோடு தனியாகப் போகக்கூடாது. விவரம் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிப் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய வண்டிகளுக்கு என்று மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டு வந்தது.

முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். கம்பெனியில் செய்தபடியே இருக்க வேண்டும். பெரிய மாறுதல் எதுவும் செய்திருக்கக்கூடாது. அப்படிப்பட்ட வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் உண்டு. புதிதாகப் பதிய ரூ.20 ஆயிரம். மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். 10 ஆண்டுக்குச் செல்லும்.

இந்த விதிப்படி பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் ஆகியவற்றுக்கு மட்டும் ரோட்டில் வரலாம்.

ஆக, 1974-ல் வந்த வண்டிகளுக்கெல்லாம் இந்தக் கதவு திறந்துவிட்டது. ஆர்.சி. புத்தகம், சுங்க வரி கட்டிய ரசீது, என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப் போக வேண்டும். வெளிநாட்டு வண்டியைக் கழற்றி உதிரி பாகம் என்று கொண்டு வந்து இங்கே பூட்டும் மோசடிகள் நாட்டில் பல முறை பிடிபட்டிருக்கின்றன. காகிதம் சரியில்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசியில் நிற்பது சுங்க அதிகாரிகளின் காவலில்தான்.

மறுபக்கமும் உண்டு

வண்டியை மூடி வைப்பவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

"ஓட்டினால் தேயும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றினால் அசல் போய்விடும். அந்தக் காலத்துப் பெயிண்டும், போல்ட்டில் போட்ட முத்திரையும், கைவேலையும் எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்கு யார் காட்டுவது?" என்று கேட்கிறார்கள்.

சரியான கேள்விதான். ஒரு மாதிரியாவது கைபடாமல் இருந்தால்தான் மற்றதைச் சரிபார்க்க முடியும். அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தில் வரிசையாக நிற்கும் பழைய கார்களைப் பார்த்து எத்தனை பள்ளிப் பிள்ளைகள் கண்ணை அகல விரிக்கிறார்கள்! அது பொது இடம். டிக்கெட் வாங்கினால் யாரும் பார்க்கலாம்.

ஆனால் தனியார் செட்டில், பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வண்டியை யார் பார்க்கிறார்கள்? அதில் யார் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? அது வண்டி இல்லை. சக்கரம் வைத்த நகைச் சீட்டு!

"என் காசு, என் வண்டி. உனக்கென்ன?" என்று கேட்கலாம். சட்டப்படி பதில் இல்லை. ஆனால் தங்கத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தால் யாருக்கும் நட்டமில்லை. மெஷினை வாங்கி வைத்தால், அதைத் தொட்டுக் கற்றிருக்க வேண்டிய பத்துக் கைகளுக்கு நட்டம்.

இது இத்தாலி வண்டியோடு நிற்கவில்லை. நம்ம ரோட்டில் ஓடிய ராஜ்தூத் 350-ம், 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100-ம் கூட இப்போது அசல் விலையைவிடப் பல மடங்குக்குக் கைமாறுகின்றன. நேற்று வரை பால் கேன் கட்டிப் போன வண்டி, இன்றைக்குத் தொடாதே என்கிறது!

என்ன செய்யலாம்?

கோவை நினைத்தால் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன.

பழைய டூ ஸ்ட்ரோக் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக்குகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பலருக்குத் தலை நரைத்துவிட்டது. கையும் நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாயிண்ட் செட் செய்வது, கார்ப்பரேட்டர் டியூன் செய்வது, இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து எடுப்பது எல்லாம் அவர்களோடு போய்விடும் வித்தைகள். மின்சார வண்டிக் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். பாகத்தைக் கழற்றி, அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று யோசிக்கப் பழகிய கை, எந்தக் காலத்து வண்டிக்கும் உதவும்.

அபூர்வ வண்டி வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் அதைப் பாலிடெக்னிக் மாணவர்கள் முன்னால் திறந்து காட்டலாம். அந்த வயதான மெக்கானிக்கைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "இது எதுக்குங்க ஐயா?" என்று பையன்களைக் கேட்க வைக்கலாம். ஸ்பிரிங் இல்லாமல் வால்வு மூடும் அதிசயத்தைப் புத்தகத்தில் படிப்பது வேறு. கண்ணால் பார்ப்பது வேறு.

ஓட்ட இடம் இல்லையே என்ற சாக்கும் செல்லாது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தய வீரர் கரிவர்தன் பெயரைத் தாங்கி நிற்கும் மைதானம். நாராயண் கார்த்திகேயனை 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்துக்கு அனுப்பிய ஊர் இது! பந்தயத்தில் பிறந்த வண்டி, நாலு சுற்று அங்கே ஓடினால் குறைந்தா போய்விடும்? என்ஜினுக்கும் ஆரோக்கியம், பார்ப்பவர்களுக்கும் ஆனந்தம்.

வாங்குபவர்கள் "எத்தனை கிலோமீட்டர் ஓடியது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "கடைசியாக எப்போது ஸ்டார்ட் செய்தீர்கள்? யார் வேலை பார்த்தது?" என்று கேட்க ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கேள்வி பரவினால், ஓட்டிப் பராமரித்த வண்டிக்கு மதிப்பு தானாக ஏறும். மெக்கானிக்குக்கும் மரியாதை வரும்.

2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் திறந்தார்கள். அதற்கு ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள். தினமும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் அதன் மேல் பறக்கின்றன.

ஓட்டலில் இலை எடுத்த காசில் பழைய வண்டி வாங்கி, அதைக் கழற்றிப் பார்த்தவர் பெயரில் பாலம். அதே ஊரில் ஓடாத வண்டிக்குத்தான் உயர்ந்த விலை என்று பேசுவது கோவைக்கு அழகல்ல.

பூட்டைத் திறக்கட்டும். வண்டி வெளியே வரட்டும். பையன்கள் பார்க்கட்டும்!